நோன்பின் பின்னால் ஒளித்த எண்ணூறு கலோரி

மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், ஈஸ்டருக்கு மறுவாரம் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். அதற்குள் பத்து கிலோ குறைக்கும் ஆசையில், ஒரு நாளைக்கு எண்ணூறு கலோரிதான் என்று மொபைல் செயலியில் நானே இலக்கு வைத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் எனக்கு வசதியாகப் போயிற்று. சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு "நோன்பு" என்றால் வீட்டிலும் சரி, வார்டிலும் சரி, யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

பத்தாம் நாள், சர்க்கரை நோய்க்காகச் சேர்ந்திருந்த ஒரு கொள்ளேகால் அம்மாவுக்கு ரத்தம் எடுக்கக் குனிந்தேன். கண் இருட்டிவிட்டது. நல்லவேளை, ஊசியை இன்னும் குத்தவில்லை. அந்த அம்மாதான் என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார்.

"என்னைய மட்டும் நேரத்துக்குச் சாப்புடோணும்னு வையறீங்களே சிஸ்டர், நீங்க சாப்புட்டீங்களா?" என்றபடி தன் பிஸ்கட்டை நீட்டினார். வெட்கத்தோடு வாங்கித் தின்றேன்.

விஷயம் கேட்ட எங்கள் டயட்டீஷியன், "பத்து கிலோவும் ஒரே மாசத்துலயா ஏறுச்சு அக்கா?" என்றாள். என் வயது, உயரம், எடை, வார்டில் நடக்கும் நடை எல்லாம் கணக்கிட்டு, ஆயிரத்து ஐந்நூறு கலோரி என்று எழுதித் தந்தாள். வாரம் அரை கிலோ குறைந்தால் போதுமாம்.

கல்யாணத்துக்குள் இரண்டு கிலோதான் குறைந்தது. பத்து கிலோ குறையும் என்று நம்பிச் சின்னதாகத் தைத்திருந்த ரவிக்கையைப் பிரித்துத் தைத்துக்கொண்டேன்.

இப்போதும் அதே ஆயிரத்து ஐந்நூறுதான். பெரிய வெள்ளிக்கு மட்டும் நோன்பு இருக்கிறேன். அன்று அந்தச் செயலியைத் திறப்பதே இல்லை.

- ஒரு வாசகி, மைசூர்