பரோட்டாக் கடை வாசலில் ஒரு கம்பி

ஊரடங்கு தளர்ந்து, எங்கள் திருத்தங்கல் பரோட்டாக் கடையில் இன்றுதான் உட்கார்ந்து சாப்பிட விட்டார்கள். வாசலில் புதிதாக ஒரு சானிடைசர் ஸ்டாண்ட்.

எனக்கு முன்னால் வந்த பட்டாசுக் கம்பெனி அக்கா, அதன் இரும்புக் கம்பியை உள்ளங்கையால் தொட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

“யக்கா, சானிடைசர் போடாம எங்க போறீக?” என்றார் கடைக்காரர்.

“அதான் தொட்டுட்டேன்லா!” என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன், பொறி பறந்துவிடாமல் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க வாசல் தகட்டைத் தொடுகிற பழக்கம்.

“இங்கன என்னக்கா வெடிக்கப் போவுது?”

“பரோட்டா வர லேட்டானா நாந்தான் வெடிப்பேன். எம்புட்டு மாசமாச்சு!”

நான் ஒழுங்காகச் சானிடைசர் தேய்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று கம்பியையும் தொட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நாளை போகிறவர்களும் தொட்டுவிட்டே போங்கள். பரோட்டா லேட்டாகத்தான் வருகிறது.