பென்சிலின் ஆகாத நால்வர்

சனிக்கிழமை மதியம் மகள் தனலெட்சுமி கணினியின் விசையைத் தட்டியதும், கன்னையா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். முன்பெல்லாம் ஒரு நோயாளியின் விவரத்தை வட்டில் எழுதி முடிக்க எட்டு விநாடி. இப்போது ஒன்றுகூட ஆகவில்லை.

"முன்ன இந்த நேரத்துல ஒரு கோப்பி ஆத்திக் குடிச்சிருவேன். அதுலயும் மண்ணப் போட்டுட்டியே, தனம்!"

"குடிச்சது போதும்ப்பா. பிரஷர் இருக்கு லா."

மலேசியாவின் கிள்ளானில் ஒரு சிறு கிளினிக்கில் மருந்து கொடுப்பவர் கன்னையா. பதினைந்து வயதில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புட்டி கழுவப் போனவர். பெயரை இருமுறை கேட்காமல் யார் கையிலும் மருந்தை வைத்ததில்லை. 1991இல், கரையான் அரித்த நோயாளி அட்டைகளைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பை டாக்டர் அவரிடம் விட்டார். அதற்கான நிரலை எழுதியவள், பெட்டாலிங் ஜெயாவில் கணினி வேலை பார்த்த தனலெட்சுமி.

பதிவுக்கொரு முறை வட்டைத் தொடாமல், ஐம்பது பதிவுகளை நினைவகத்தில் சேர்த்து ஒரே மூச்சில் எழுதும்படி அன்று மாற்றியிருந்தாள். வேகம் அதில்தான் வந்தது. 'சேவ் ஆகிவிட்டது' என்ற திரைச் செய்தியை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டாள். வட்டில் எதுவும் ஏறுமுன்பே, மின்சாரம் போனால் எல்லாம் அழிந்துவிடும் நிலையிலேயே அது தோன்றியது.

அவள் போனபின் கன்னையா அந்தச் செய்தியை நம்பி, மாற்றிய அட்டைகளைப் பின்புறத் தகரப் பீப்பாயில் எரித்தார். பிறர் கண்ணில் படக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. முப்பத்தேழாவது முடிந்தபோது இடி இடித்தது. கிள்ளானில் இடி கேட்டுப் பிளக்கைப் பிடுங்காதவர் யார்? அவரும் பிடுங்கினார்.

மறுநாள் காலை தனலெட்சுமியின் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"முப்பத்தேழு பேரக் காணோம்மா."

"அட்டைங்க?"

"எரிச்சிட்டேன். சேவ்னு சொல்லிச்சே."

"தப்பு என்னுதுப்பா."

அவர் கோபிக்கவில்லை. "அதுல நாலு பேருக்குச் சிவப்புக் கோடு, தனம்."

அட்டையில் சிவப்புக் கோடென்றால் அவருக்குப் பென்சிலின் ஆகாது. ஊசி ஏறினால் மூச்சு அடைத்துவிடும்.

"டாக்டர் கேட்டுட்டுத்தானே போடுவாரு?"

"கேட்டா? 'பெரிய ஊசியா போடுங்க டாக்டர்'ம்பாங்க. எந்த ஊசி ஆகாதுன்னு அதுங்களுக்கா தெரியும்?"

"நானும் வரேன்ப்பா, தேடுவோம்."

"மொகம் எனக்குத்தான் தெரியும். நீ அந்த மிசினச் சரி பண்ணு."

வட்டில் எழுதி முடிந்தபின் வரும்படி அவள் செய்தியை இடம் மாற்றினாள். அவர் வேலை முடிந்து பஸ் ஏறி, கம்பம் எனப்படும் சிற்றூர் ஒவ்வொன்றிலும் விசாரித்தார். கண்டவர்களின் அடையாள அட்டை உறையில், 'பென்சிலின் வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதிச் செருகினார். தினமும் மாலை கூப்பிட்டுச் சொன்னார். அவர் கூப்பிடுமுன் அலுவலகத்தில் தொலைபேசி அடித்தபோதெல்லாம், யாரோ செத்துவிட்டார்கள் என்றே அவள் எண்ணினாள்.

வெள்ளிக்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது பேசியவர் டாக்டர். கன்னையா மருந்து மேசையருகே விழுந்துவிட்டார். மாரடைப்பு. உயிர் அங்கேயே போய்விட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்த சீட்டை அவளிடம் கொடுத்தார்கள். மூன்று பெயர்கள் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தன. நான்காவது அப்படியே இருந்தது.

பவுனம்மாள். மேரு, பலகைத் தொழிற்சாலைக்குப் பின்னால். சனிக்கிழமை போகணும்.