எக்ஸ் எழுத்தில் ஒரு படகு

அன்று மதியம் செங்கல்பட்டு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் நானும் பக்கத்து மெஷின்காரர் ஒருவரும்தான் இருந்தோம். சொல்லித்தரும் மேடம் சாப்பிடப் போயிருந்தார். மெஷின்காரருக்கு முப்பது வயதிருக்கும், ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில். பெயர் கேட்டதில்லை. பயிற்சி முடிந்ததும் தாளைத் திருப்பிப் போட்டு, எக்ஸ் எழுத்தாலேயே படம் அடிப்பது அவர் பழக்கம்; அன்று ஒரு படகு.

மறுநாள் நான் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பியாக வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பையன் கதை வரப்போகிறது என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எனக்கோ பத்து நாளாக முதல் பாராவே நகரவில்லை.

"இன்னாபா, அதே நாலு வரிய அடிச்சிக்கினு கீற?"

"வரமாட்டேங்குது அண்ணாத்த."

"அத்த வுடு. இந்தப் படகுல பாதிய நீ அடி. யோசிக்காத, எண்ணிக்கினே அடி."

எரிச்சலோடுதான் அவர் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தேன். எண்ணி எண்ணி அடித்ததில் தலைபாரம் இறங்கியது. அடிப்பக்கம் நாலு இடம் தவறி, படகில் ஓட்டை விழுந்துவிட்டது.

அவர் சிரித்தார். "ஓட்டப் படகு. உன் கதையில எவனாவது இதுல போவானா?"

போனான். தண்ணீரை இறைத்துக்கொண்டே போனான். சாயங்காலத்துக்குள் ஏழு பக்கம் அடித்து முடித்தேன்.

படகை அவர் கசக்கிக் கூடையில் போட்டிருந்தார். ஏன் என்றேன்.

"அடிச்சாச்சே, அப்புறம் இன்னாத்துக்கு?"

எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை. எக்ஸ் அடித்தே கிழிந்த ரிப்பனுக்காக மேடம் எங்கள் இருவரிடமும் சேர்த்து வாங்கியது முப்பது ரூபாய்.