மாலதி அக்கா எடுத்துக்கொண்டு போன மனு

செய்தி வந்தபோது நான் சிரித்தேன். "மாலதி அக்கா தவறிட்டாங்க. டெங்கி. சிரம்பான் ஆஸ்பத்திரியில" என்று அவருடைய தம்பி நம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்திக்குக் கீழே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் பூனைப் படம் ஒன்று இருக்கிறது. அது நான் போட்டது. மூன்று வருடங்களுக்கு முன், தோட்ட வேலையை மேற்பார்க்கும் முனியாண்டி மண்டோர் காலமானதாக நான் பொய்ச் செய்தி பரப்பினேன். மாலையோடு போனவர்களுக்கு மண்டோரே கதவைத் திறந்தார். அன்றைக்கு அக்கா, "உனக்கும் ஒருநாள் இருக்குடா" என்றிருந்தார். அந்த நாள்தான் வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்தது வேறு நாள்.

பதினாறாம் நாளுக்கு அச்சடிக்கும் தாளில் எழுதச் சொல்லிக் கோயில் செயலாளர் கேட்டார். "நீதான்லா வாயாடி. நல்லதா நாலு வரி போடு." நாலு வரியில் அடங்காது. நல்லதாகவும் இருக்காது.

அக்கா கோலா சாவா தோட்டத்தில் நம் மூன்றாவது லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அவர் அம்மா செல்லம்மா அத்தை இன்றும் செம்பனை உதிரிப் பழம் பொறுக்குகிறார். அக்கா கோலாலம்பூரில் ஒரு சட்டக் கல்லூரியின் தேசியப் பாதுகாப்புச் சட்ட, கொள்கை மையத்தில் ஆய்வாளர். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே ஒருவரைப் பல நாள் உள்ளே வைக்கும் சட்டங்களைப் படிப்பது, அவை எங்கே தவறானவர்கள் மேல் விழுகின்றன என்று எழுதிச் சட்டம் செய்கிறவர்களுக்கு அனுப்புவது, போலீஸ் அதிகாரிகளுக்கு வகுப்பு எடுப்பது, இவைதான் அவர் வேலை. கடைசி வேலையை மட்டும் நாம் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டோம். "அவ அவங்க ஆளு லா" என்றோம். அவரிடமே கேட்டேன். "நான் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற பாடம் ஒண்ணுதான்டா. கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி கையில இருக்கிற காகிதத்தை இன்னொரு தடவை படிங்க."

எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் அந்த வகுப்புக்குப் போகாதவர்கள் போலும். அப்போது எனக்குப் பதினாறு வயது. பக்கத்து ஊர் லுக்குட் பையன்கள் நம் பந்து மைதானத்துக் கோல் வலையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பதிலுக்கு ஒரு சுவரொட்டிப் படம் இணையத்தில் சுற்றியது. 'கோலா சாவா விடுதலைப் படை' என்று பெயர். ஜெர்சியால் முகத்தை மூடிய நாலு பேர். நடுவில் இருப்பவன் கையில் நீளத் துப்பாக்கி. 'ஞாயிற்றுக்கிழமை லுக்குட் மைதானம் தரைமட்டம்' என்ற அறிவிப்பு. கீழே இருந்தது என் அண்ணன் குமரனின் பழைய கைப்பேசி எண். பாதுகாப்புச் சட்டத்தில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

உடனே நாம் நமக்குத் தெரிந்ததைச் செய்தோம். மனு. குழாய்க்கு, தெருவிளக்குக்கு, கோயில் நிலத்துக்கு எப்படிப் போட்டோமோ அப்படியே: ஒருவர் விடாமல் பெயர், ஐசி என்னும் அடையாள அட்டை எண், கையெழுத்து. வீடு வீடாகப் போய் வாங்கியவன் நான். மண்டோர் தலைப்பு எழுதினார்: 'நாங்கள் அனைவரும் தம்பி குமரனின் குழுவைச் சேர்ந்தவர்கள். அவரைப் பிடித்தால் எங்களையும் பிடியுங்கள்.' படித்துக் காட்டியபோது நீங்கள் கை தட்டினீர்கள்.

சனிக்கிழமை அக்கா ரயிலேறி வந்தார். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை படித்தார்.

"இது மனு இல்ல மாமா. வருகைப் பதிவேடு."

"என்னா சொல்ற?" என்றார் மண்டோர்.

"இந்தக் குழுவே சட்டவிரோதம்னுதான் அவனைப் பிடிச்சிருக்காங்க. நாங்களும் அதுல இருக்கோம்னு நீங்களே எழுதி, ஐசி நம்பரும் போட்டுக் குடுக்கிறீங்க."

"குழாய்க்கு இப்படித்தான் போட்டோம். தண்ணி வந்துச்சா இல்லியா?"

"இதுக்கும் வரும் மாமா. போலீஸ் லோரி வரும்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மனுவை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "நம்ம சோத்த தின்னுட்டு அங்க போய் வாலாட்டுறா பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று எழுதமாட்டேன், அவருக்கே தெரியும். அதற்குச் சத்தமாகச் சிரித்தவன் நான். எல்லோரும் அக்காவைப் பார்க்கும்வரை என்னை யாரும் பார்க்கமாட்டார்கள் அல்லவா.

மோட்டார் சைக்கிளில் அவரைச் சிரம்பான் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டேன். இறங்கியவர் போகாமல் நின்றார்.

"நூத்தி நாப்பத்தி மூணு பேரு. தோட்டத்து நாய்ங்க மட்டுந்தான் பாக்கி. உன் பேரு எங்கடா?"

"பேனாவுல மை தீந்துபோச்சுக்கா."

"துப்பாக்கிக்கு அடிச்ச கறுப்புப் பெயிண்ட்? அதுவும் தீந்துபோச்சா? படத்துல பைப்பு மூடி நல்லாத் தெரியுது."

நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முகம் அதற்குள்ளேயே இருக்கட்டும் என்று பட்டது.

"நான் உன்னைச் சொல்ல மாட்டேன். பதினாறு வயசுப் பிள்ளை பேரு என் வாயிலேருந்து வராது. நீயே போய்ச் சொல்லணும். அதுவரைக்கும் உங்க அண்ணன் உள்ள இருக்கிற நாளெல்லாம் உன் கணக்கு."

ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். ஒன்பது நாளும் பள்ளியில் ஜோக் அடித்தேன். அண்ணன் வேலை செய்த தொழிற்சாலை அவன் இடத்தில் வேறு ஆளை வைத்துக்கொண்டது. பத்தாம் நாள் அக்காவைக் கூப்பிட்டேன். அப்பா ஒரு பக்கம், அக்கா மறு பக்கம், நடுவில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பைப்போடு நான், போலீஸ் நிலையத்துக்குப் போனோம். உள்ளே இருந்த அதிகாரி அக்காவைக் கண்டதும் எழுந்து "மேடம்" என்றார். அவருடைய வகுப்பில் உட்கார்ந்தவராம். அவர் முன்னால் ஒரே ஜோக்கை மூன்று மணி நேரம் விளக்கினேன். அதற்குப் பிறகு அது எனக்கே சிரிப்பாக இல்லை.

இரண்டு நாளில் அண்ணன் வந்தான். உள்ளே இருந்த நாளெல்லாம் அவனும் என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றான். அதற்குமேல் இன்றுவரை அதைப் பற்றி அவன் பேசியதில்லை.

மண்டோர் மட்டும் பேசினார். "அவ மனுவைத் தூக்கிட்டுப் போகாம இருந்தா, அன்னைக்கே வந்திருப்பான்." நீங்கள் தலையாட்டினீர்கள். பக்கத்தில் நின்று நானும் ஆட்டினேன். அந்த வருடத் திருவிழாவுக்குக் காய் நறுக்கச் செல்லம்மா அத்தையை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அக்கா சனிக்கிழமைகளில் வந்தார். யாருக்காவது அரசாங்கக் கடிதம் வந்தால் படித்துச் சொன்னார். கடிதம் கொடுத்தவர்கள் தேநீர் கொடுக்கவில்லை.

இப்போது அழுகிறோம். 'நம்ம தோட்டத்துப் பொண்ணு' என்று துணியில் அச்சடித்துக் கட்டியிருக்கிறோம். மையமும் இரங்கல் செய்தி போட்டிருக்கிறது: பெரிய மனிதர் ஒருவரோடு அக்கா கைகுலுக்கும் படம், கருத்தரங்குகளின் பட்டியல். சனிக்கிழமைகள் அதில் இல்லை. விளையாட்டுக்குப் போட்ட படங்களுக்காக ஆள் பிடிப்பதற்கு முன் என்ன விசாரிக்க வேண்டும் என்று அவர் எழுதிய அறிக்கையும் இல்லை. அந்த அறிக்கையில் நான் 'ஒரு தோட்டத்து இளைஞர்'. அது என்ன ஆனது என்று அக்காவிடம் கேட்டபோது, "மேலிடத்து மேசையில இருக்கு. மேசை நல்லாத்தான் இருக்கு" என்றார். சட்டமும் அப்படியே நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணன் வந்த அன்று அக்கா அந்த மனுவை என்னிடம் கொடுத்தார். "வச்சுக்க. கடைசியில ஒரு வரி காலியா இருக்கு. பதினெட்டு வயசானதும் இவங்ககிட்ட நீயே சொல்லு." போன மாதம் பதினெட்டு ஆனது. அன்று காலை அவரிடமிருந்து செய்தி: "வாழ்த்து. ஞாபகம் இருக்கா?" பதிலுக்கு ஒரு பூனைப் படம் போட்டேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்தத் தாள்தான். அவரை வாலாட்டுகிறவள் என்றவரின் கையெழுத்தும் அதில் இருக்கிறது. அந்தக் கையை லோரியில் ஏறாமல் காப்பாற்றிய மடிப்பும் இருக்கிறது. துப்பாக்கி பிடித்து நடுவில் நின்றவன் நான். படம் செய்து, கீழே அண்ணன் எண்ணைப் போட்டவனும் நான். பதினாறாம் நாளன்று அந்த மனுவைக் கொண்டுவந்து செல்லம்மா அத்தையின் முன்னால் வைப்பேன். என்னைத் திட்ட வருகிறவர்கள் வரிசையில் நில்லுங்கள். முதல் இடம் அத்தைக்கு.

காலியாக இருந்த வரியை இன்று நிரப்பிவிட்டேன்.

144. சரவணன், குமரனின் தம்பி.