திரையில் சொன்னது

அல்லிநகரத்து மண்டபத்தில் விளக்குகளை அணைத்ததும் நாகஜோதி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். கல்லூரி மாணவி ஓவியா அவளைப் பற்றி எடுத்த குறும்படம் ஓடத் தொடங்கியது. அதில் தான் என்ன பேசியிருக்கிறோம் என்று பக்கத்தில் இருந்த கணவர் சுந்தரலிங்கத்திடம் அவள் சொல்லியிருக்கவில்லை.

கூடலூர்க் கிணற்றில் நீந்திப் பழகி, மாநிலப் போட்டி வரை போனவள் அவள். திரையில் நீச்சல் குளத்தின் ஓரமாக ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரரு நீச்சல நிப்பாட்டச் சொல்லிட்டாக. மகன் காலேஜு போற வரைக்கும் தண்ணியில எறங்கல. இப்ப அவுகளுக்குத் தெரியாமத்தான் வாரேன்."

சுந்தரலிங்கம் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே எழப் பார்த்தவள், திரையில் தன் கைகள் தண்ணீரை வெட்டிக்கொண்டு போவதைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். படம் முடியும்வரை அசையவில்லை.

வெளியே அவர் பைக்கருகே நின்றார்.

"அத்தன பேரு முன்னால இப்படிச் சொல்லிட்டியே."

"நீந்தணும்னு ஒங்ககிட்டத்தான் மொதல்ல கேட்டேன். நீங்க காதுலயே வாங்கல. நாளைக்கும் போவேன். ஒங்களுக்குத் தெரிஞ்சே போவேன்."

மறுநாள் காலையில் அவள் துண்டை எடுத்துப் பையில் வைத்தபோது அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.