ருமேனியக் கிழவியின் தண்ணீர்

அந்தக் கிழவியின் தண்ணீரை நிறுத்தியவர் நீங்கள்தான், அண்ணை. செய்வினை என்று மேல்மாடியிலிருந்து கதை பரப்பியவரும், கட்டடப் பொறுப்பாளரிடம் முறையிட்டவரும் நீங்கள்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லண்டன் டூட்டிங்கில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு ருமேனியக் குடும்பம். மகளோடு, கிராமத்திலிருந்து வந்த வயதான தாயும் தகப்பனும். போன மாதம் தகப்பன் இறந்துபோனார். அடக்கம் செய்த மறுநாள் காலையில் நான் ஷிப்டுக்குப் புறப்பட்டேன். கதவைத் திறந்தால் கிழவி நிற்கிறார். ஒரு கையில் தண்ணீர்ச் சாடி, மறுகையில் எரியும் மெழுகுதிரி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பின்னால் ஓடி வந்த மகள் விளக்கினாள். செத்தவரின் உயிர் நாற்பது நாள் தாகத்தோடு அலையுமாம். அயலாருக்குக் கொடுக்கும் தண்ணீர்தான் அதற்குப் போய்ச் சேருமாம். வாங்குகிறவர் நன்றி சொல்லக்கூடாது. கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. தமிழிலேயே சொல்லிவிட்டுக் குடித்தேன். எங்கள் குழாயில் வரும் அதே தண்ணீர்தான். கிழவி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

அன்று பின்னேரம் படியில் என்னை மறித்தீர்கள்.

"தம்பி, அந்தத் தண்ணியை வாங்காதையும். செய்வினை."

"ஆருக்கு அண்ணை? செய்வினை செய்யிற அளவுக்கு இந்தக் கட்டடத்தில ஆர் பெரிய ஆள்?"

"பகிடி விடாதையும். வாசல்ல மெழுகுதிரி, தண்ணி. வேற என்ன?"

அதற்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. பொறுப்பாளர் வந்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். படியில் நெருப்பு வேண்டாம் என்றால் சரி. தண்ணீர் என்ன செய்தது? வீடு போய்விடும் என்ற பயத்தில் மகள் சாடியை ஒளித்து வைத்துவிட்டாள்.

இப்போது கிழவி சாப்பிடுவதில்லை. தண்ணீர் கிடைக்காத உயிர் 'ஸ்த்ரிகோய்' ஆகிவிடுமாம். அதாவது குழியை விட்டு எழும்பி, முதலில் சொந்த வீட்டாரைத்தான் தேடி வருமாம். பயமா என்று மகள் மூலம் கிழவியைக் கேட்டேன். புருஷன் வருவதற்குப் பயமில்லையாம். நல்ல மனிதரைத் தாகம் கெடுத்துவிடுமே என்றுதான் பயமாம்.

நானே கீழே வந்து வாங்கிக் குடிக்கிறேன் என்றேன். அது செல்லாதாம். அவர்கள் வீட்டு ஆள் சுமந்து வந்துதான் தர வேண்டுமாம்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பிறகு ஏன் காலையில் குழாயைத் திறக்கும்போது கை தயங்குகிறது? என் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேனே, அது போய்ச் சேர்ந்ததா? அதை நம்பித்தான் செய்தேனா? இதுவும் அதுவும் ஒன்றா, வேறா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

நீங்கள் குழம்பியதாகத் தெரியவில்லை. ஆடி அமாவாசைக்கு என் பக்கத்தில் நின்று இறைத்தவர் நீங்கள்.

நாற்பது நாள் இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டடக் கூட்டம் இருக்கிறது. என்னைத் தனியே கூப்பிட்டுக் காதுக்குள் சொல்ல வேண்டாம். கிழவியையும் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் எழும்பிப் பதில் சொல்லுங்கள். உங்கள் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், அவருடைய புருஷனுக்கு ஏன் கூடாது?