போணி மருந்து

வரூதினிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எல்லோரும் சொல்வார்கள். மூக்கைப் பற்றிப் பேசினால் அவளுக்கு இன்னும் கோபம் வரும். அவளுடைய அப்பா சோமலிங்கம் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் பாதி ஆயுளை மருந்து காய்ச்சும் ரியாக்டர்களுக்கு மேல் குனிந்தே கழித்தவர். மூடியைத் திறக்க வேண்டும், மூட்டையை அவிழ்த்துக் கொட்ட வேண்டும், வருகிற ஆவியை எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும். வாசனை தெரியாமல் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. மகள் அரைத்துப் போடும் கோங்கூரப் பச்சடியை வாயில் வைத்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு தல்லி" என்பார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடியும்.

அந்தக் கடுப்பில்தான் அவள் ரசாயனப் பொறியியல் படித்தாள். மருந்தை அண்டா அண்டாவாகக் காய்ச்சி இறக்க வேண்டியதில்லை, விரல் பருமன் குழாயில் ஓடவிட்டே செய்துவிடலாம் என்று படித்தபோது, இனி இதுதான் தன் வேலை என்று முடிவு கட்டிவிட்டாள். இந்த முனையில் சரக்கு நுழையும், அந்த முனையில் மருந்து வந்துகொண்டே இருக்கும். யாரும் மூடியைத் திறந்து முகர வேண்டாம். குழாய் எவ்வளவு நீளம், எங்கே எவ்வளவு சூடு, என்ன வேகம், எங்கே அடைத்துக்கொள்ளும் என்பதையெல்லாம் முதலில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பாள். வெடிக்க வேண்டியது திரையிலேயே வெடித்துத் தீர்ந்துவிடும்.

பொல்லாரத்துத் தொழிற்சாலையில் அவளுக்குக் கொடுத்த மருந்து, குழந்தைகளுக்கு வரும் வலிப்புக்கானது. ஓட்டி ஓட்டிப் பார்க்க இரண்டு வருடம் ஆயிற்று. உற்பத்திப் பிரிவுத் தலைவர் சத்திரெட்டி அவள் அறையைக் கடக்கும்போதெல்லாம், "மேடம் வீடியோ கேம்ல எத்தனாவது லெவல்?" என்பார். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவரிடம் அவளுக்கு இருந்த வெறுப்பை எழுத இந்தத் தாள் போதாது.

அவள் கம்ப்யூட்டரில் கட்டிய மாதிரி வடிவம் ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னது. பம்பை ஓடவிட்ட முதல் முக்கால் மணி நேரம் குழாய் நிலைக்கு வராது. அதுவரை வருவது அரைவேக்காடு. அதில் கந்தகச் சரக்கு அப்படியே தங்கியிருக்கும். அதைக் கழிவுத் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, பிறகுதான் மருந்து டிரம்மின் வால்வைத் திறக்க வேண்டும்.

முதலாளி பத்மநாப ராஜுவுக்கு இது காதில் ஏறவில்லை. சிராவண மாதத்து வெள்ளிக்கிழமை முகூர்த்தம் குறித்தாகிவிட்டது.

"போணியைக் கொண்டுபோய்க் கழிவுல ஊத்தச் சொல்றியாம்மா? எங்கப்பா காலத்துலேர்ந்து முதல்ல வர்ற சரக்கு வெங்கன்ன சாமிக்கு. சாமிக்குக் காட்டின சரக்கு சாக்கடைக்குப் போனா இந்தக் கம்பெனி விளங்குமா?"

"சாமிக்கு ஒரு சொம்பு எடுத்துக்கோங்க ராஜுகாரு. நான் வேண்டாங்கல. மிச்சம் கழிவுக்குப் போகட்டும். ஆனா வெள்ளிச் சொம்பு வேண்டாம். கந்தகம் பட்டா வெள்ளி கறுத்துடும்."

"பின்ன எதுல வைக்கிறதாம், பிளாஸ்டிக் மக்குலயா?" என்றார் சத்திரெட்டி. அதற்கும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ராஜுவின் மனைவி பம்புக்கு மஞ்சள் கயிறு கட்டினார். தேங்காய் உடைந்தது. பம்பு ஓடியது. குழாயின் வாயில் பிடித்த வெள்ளிச் சொம்பு நிரம்பி, சாமி படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தது. ராஜுவின் கல்யாணத்தில் வந்த சொம்பு அது. சொம்பை எடுத்த கையோடு சத்திரெட்டி வால்வைத் திருப்பினார். கழிவுப் பக்கம் இல்லை, டிரம்மின் பக்கம்.

"ரெட்டிகாரு, அதை மூடுங்க. அது குழந்தைங்க வாயில போற மருந்து."

"ஆரத்தி முடியட்டும் மேடம். அபசகுனமாப் பேசாதீங்க."

அவள் பாய்ந்து போனாள். வழியில் நின்ற யாரும் நகரவில்லை. ஆரத்தி முடிந்து தீபத்தை இறக்கும்போதுதான் ராஜுவின் மனைவி சொம்பைப் பார்த்தார். உள்ளே வாய்வரை கரி பூசிய மாதிரி கறுத்திருந்தது.

"சாமிக்கு மனசில்லை" என்றார் புரோகிதர். ராஜுவின் முகம் வெளுத்துவிட்டது. டிரம்மில் இருப்பதை ஒரு சொட்டு விடாமல் கழிவில் கொட்டச் சொன்னார். வேறு முகூர்த்தம் பார்க்கச் சொன்னார். புரோகிதருக்குச் சால்வை போர்த்தினார்.

அன்று வீட்டுக்கு வந்த வரூதினி கைப்பையை விட்டெறிந்தாள். "நேத்து நான் சொன்னதை இன்னிக்கு ஒரு சொம்பு சொல்லுச்சாம். அதுக்குச் சால்வை."

"கெட்டதைக் கொட்டிட்டாங்க இல்ல தல்லி. யார் சொன்னா என்ன?" என்றார் சோமலிங்கம்.

"அடுத்த தடவை சொம்பு சொல்லாட்டி?"



அடுத்த முகூர்த்தம் ஒரு புதன்கிழமை. அதே சாமி படம், அதே புரோகிதர். ராஜுவின் மனைவி கூடையிலிருந்து எடுத்த சொம்பைப் பார்த்ததும் வரூதினிக்கு உச்சந்தலை வரை சுட்டது. எவர்சில்வர் சொம்பு, கந்தகம் பட்டாலும் கறுக்காது. கடை விலைச்சீட்டு கூட உரிக்கப்படவில்லை. பம்பு ஓடியது, சொம்பு நிரம்பியது, ஆரத்தி சுற்றினார்கள். சொம்பு கண்ணாடி போலப் பளபளத்தது. "சாமி ஏத்துக்கிட்டார்" என்றார் புரோகிதர். எல்லார் முகத்திலும் நிம்மதி. சத்திரெட்டி டிரம்மின் வால்வைத் திருப்பக் கைநீட்டினார்.

வால்வின் கைப்பிடியில் சங்கிலி சுற்றிப் பூட்டுத் தொங்கியது. அது வரூதினி வீட்டு கேட்டின் பூட்டு. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து மாட்டியிருந்தாள். சரக்கு கழிவுத் தொட்டிக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சாவியைக் குடும்மா" என்றார் ராஜு. குரல் உயரவில்லை. அவர் கோபம் எப்போதும் அப்படித்தான்.

"தர்றேன். அதுக்கு முன்னாடி அந்த வெள்ளிச் சொம்பை வீட்லேர்ந்து கொண்டுவரச் சொல்லுங்க. அதைத் தேய்ச்சுத் துடைச்சு இதே சரக்கைப் பிடிங்க. கறுக்கலேன்னா நானே பூட்டைத் திறந்துவிட்டு, ராஜினாமாவும் எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

"கல்யாணச் சொம்பும்மா அது. எதுக்குத் திரும்ப அதைப் போய்..." என்று ராஜுவின் மனைவி ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு" என்றார் ராஜு.

அவர் வரூதினியைப் பார்க்கவில்லை. எவர்சில்வர் சொம்பையும் பார்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. அவளுடைய கம்ப்யூட்டர் மாதிரி சொன்னது, அன்று வெள்ளிச் சொம்பு கறுத்தபோதே இந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் சொம்பை மாற்றினார். தெரியாதவருக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இரண்டு வருடமாகத் தொண்டை காய்ந்தவளுக்கு, இவரிடம் சொல்ல ஒன்றுமே இல்லை என்று ஆனது.

"ஃபோன் பண்ணுங்க ராஜுகாரு. பத்து நிமிஷத்துல வந்துடும்."

ராஜு ஃபோனை எடுக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் ஆகி, குழாய் நிலைக்கு வந்ததும், பூட்டைத் திறக்க அவள் சாவியை எடுத்தபோதும் அவர் திரும்பவில்லை.